தரவை தரிசல்ல

கிழக்கிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்கள் இன்னும் எத்தனை காலத்துக்கு வட்டாரச் சொற்களைக் கட்டிக்கொண்டு மாரடிக்கப் போகிறார்கள் என்றொரு கேள்வி அண்மையில் நடந்த இலக்கியக் கருத்தரங்கொன்றில் எழுப்பப்பட்டது. எழுப்பியவர் வெளியார் அல்லர். நம்மவர்தான், சில தொகுதிகளும் வெளியிட்டவர். அவர் உதாரணமாக எடுத்துக்கொண்ட சொல் ‘தரவை’. சமவெளி என்று எழுதினால் சென்னையில் இருப்பவனுக்கும் புரியும், டொரொண்டோவில் இருப்பவனுக்கும் புரியும்; தரவை என்று எழுதிவிட்டுப் பின்பக்கத்தில் அருஞ்சொல் விளக்கம் போடுவது எதற்கு என்பது அவருடைய வாதம். மண்டபத்தில் கைதட்டலும் கிடைத்தது. தேநீர் வந்துவிட்டதால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நண்பருடைய எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சொல்லைப் பார்ப்போம்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்து ஊர் ஒன்றிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள். கடலை அடுத்து மணல்மேடு. குடியிருப்பெல்லாம் அதன் மேல். அதைத் தாண்டினால் களப்பு, அல்லது களப்பை ஒட்டிய சதுப்பு. அதற்கப்பால் வட்டை. வட்டை என்றால் வெறும் வயல் என்று நினைத்துவிடக் கூடாது. தனக்கென்று ஒரு பெயரும் எல்லையும் வாய்க்காலும் வட்டவிதானையும் உள்ள வயற்பரப்புத்தான் வட்டை. சில இடங்களில் கண்டம் என்பார்கள். அதற்குள் வரவைகள், வரவைக்கு வரம்பு, வரம்பில் வக்கடை. வெளி என்பது இன்னும் விரிந்த சொல். கண்ணுக்குத் தடையில்லாமல் கிடக்கும் பரப்பு வெளி. அது வயலாகவும் இருக்கலாம், புல்லாகவும் இருக்கலாம். நாவிதன்வெளி, வெல்லாவெளி என்ற பெயர்கள் இன்று பிரதேச செயலகங்களின் பலகைகளில் இருக்கின்றன.

தரவை இவற்றில் எதுவுமில்லை. அது உழாத நிலம். மாரியில் தண்ணீர் ஏறி நிற்கும். வெள்ளம் உச்சமாக இருக்கும் சில கிழமைகளுக்கு மாடுகள் மேட்டுப் பற்றைகளுக்குப் போய்விடும். தண்ணீர் கணுக்காலளவுக்கு இறங்கியதும் எருமை முதலில் இறங்கும், பிறகு மாடு. நீர் வற்ற வற்ற அறுகும் கோரையும் பின்தொடரும். கச்சான் காற்று வீசத் தொடங்கி ஊர்ப்பக்கத்துப் புல்லெல்லாம் பொசுங்கிக் கிடக்கையில் தரவையின் நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்கும். பட்டிக்காரன் அதை நம்பித்தான் ஆனி, ஆடியைத் தள்ளுகிறான். தரவை மட்டமான நிலம் என்பது உண்மை. ஆனால் மட்டமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எவரும் ஒரு நிலத்தைத் தரவை என்பதில்லை. வட்டையும் மட்டமானதுதான். பிள்ளைகள் பந்தடிக்கும் இடமும் மட்டமானதுதான். தண்ணீர் வந்து போவது, புல் முளைப்பது, பட்டி நிற்பது, யாரும் வேலி போடாமல் இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் தரவை.

சமவெளி என்ற சொல்லுக்கு நான் எதிரியில்லை. இருபது வருடமாக அதைப் படிப்பித்துச் சம்பளம் எடுக்கிறவன் நான். கரையோரச் சமவெளி, வெள்ளச் சமவெளி, கங்கைச் சமவெளி என்று புவியியலில் அதற்கொரு வேலை இருக்கிறது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. உயர வேறுபாடு அதிகமில்லாத பரந்த நிலம், அவ்வளவுதான். அங்கே யார் என்ன செய்கிறார்கள் என்று அந்தச் சொல் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, குளிரில் விறைத்துக் கிடக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் அதே பெயர்தான். 1831 முதல் 1837 வரை இங்கே தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் பெயரைத் தாங்கிய அந்த இடம் உண்மையில் ஒரு மேட்டுநிலம் என்று அதே பாடப்புத்தகத்தின் வேறொரு பக்கத்தில் பிள்ளைகள் படிக்கிறார்கள். மலைநாட்டு மக்களிடம் அந்தப் புல் நிலத்துக்குச் சொந்தமாகவே ஒரு சொல் உண்டு: பத்தனை. கொட்டகலைப் பக்கம் அதுவே ஊர்ப்பெயராகவும் இருக்கிறது. பத்தனையையும் தரவையையும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால் சென்னைக்காரனுக்கு எது புரிந்துவிடப் போகிறது? இரண்டும் புரியாமல் போவதைப் புரிந்துகொள்ளல் என்று சொல்ல முடியாது.

இடையில் ஒன்று. கருத்தரங்கில் இன்னொருவர் எழுந்து, மைதானம் பிறமொழிச் சொல், திடல் என்பதே தூய தமிழ் என்றார். மைதானம் அரபு, பாரசீக வழியாக வந்ததுதான். வந்து பல நூற்றாண்டாகி, ஊர்ப் பொடியன்கள் எல்லாரும் அதில்தான் பந்தடிக்கிறார்கள். திடலோ மேட்டைக் குறிக்கும் சொல். திடர், திட்டு, திட்டி, திட்டை எல்லாம் அதன் உறவினர். மன்னார்க் கடலிலுள்ள மணல்திட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் தண்ணீர் நிற்க, நனையாமல் தலை நீட்டிக்கொண்டிருப்பது திடல். பெருநாள் தொழுகைக்குத் திடல் என்று போட்ட துண்டுப்பிரசுரங்கள் நமது ஊர்களில் நிறைய வந்தன. மேட்டில் தொழுதாலும் தரையில் தொழுதாலும் தொழுகை தொழுகைதான்; அதில் எனக்கு வழக்கில்லை. தூய தமிழின் பெயரால் மட்டத்தை மேடாக்கிவிட்டு, அதைத் தமிழுக்குச் செய்த சேவை என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. மட்டமான பெருவெளிக்குத் தமிழே வேண்டுமென்றால் செண்டுவெளி என்று பழைய சொல் ஒன்று கிடக்கிறது. குதிரை ஓட்டிப் பந்து விளையாடிய இடம். அதை யாரும் கேட்கவில்லை.

தரவைக்கு வருகிறேன்.

இந்தச் சொல் ஏன் உயிரோடிருக்கிறது என்றால் வெள்ளாமைக்கு அது தேவை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் கன்னக் கூட்டம் கூடும். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, வட்டைகளிலிருந்து மாடுகளை அகற்றும் திகதி ஆகியவை அங்கே தீர்மானிக்கப்படும். அந்தத் திகதிக்குப் பின் வட்டைக்குள் மாடு நின்றால் குற்றம். பிடித்துக் கட்டலாம், நட்டம் கேட்கலாம். சரி, அகற்றிய மாடு எங்கே போகும்? தரவைக்குப் போகும். பெரும்போகம் அறுத்து முடிந்ததும் திரும்பி வந்து அரிதாளை மேயும், சாணியும் போடும். ஒரு வருடத்தில் மாடு இரண்டு இடத்தில் வாழ்கிறது. வட்டையில் பாதி, தரவையில் பாதி. இந்த ஒழுங்கில் தரவையைத் தூக்கிவிட்டால் வட்டை மட்டும் தனியே நிலைக்காது. மாடு பயிருக்குள் இறங்கும். பயிர்க்காரன் வெட்டுவான் அல்லது சுடுவான். பிறகு அது ஊருக்கும் ஊருக்கும் சண்டையாகும். நமது பிரதேசத்தில் மாட்டுக்காரனும் வயற்காரனும் பல இடங்களில் வேறு வேறு இனம் என்பதால் ஊர்ச் சண்டை இனச் சண்டையாவதற்கு அதிக நேரம் எடுப்பதில்லை.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டினார்கள். அதன் குடியேற்ற அரசியலைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது; அதை மறுபடி எழுதப் போவதில்லை. மாட்டின் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தவர்கள் குறைவு. புதிய வாய்க்கால்கள் பாய்ந்த இடத்தில் முன்பு புல் இருந்த நிலமும் வயலாயிற்று. வயலுக்கு நிச்சயமான தண்ணீர் வந்ததால் ஒரு போகம் செய்த வட்டையில் இரண்டு போகம் நடந்தது. அதாவது, மாடு வட்டைக்குள் நிற்கக்கூடிய மாதங்கள் குறைந்தன. நிற்க வேண்டிய தரவையும் குறைந்தது. நெல் பெருகியது நல்ல விசயம், நாமும்தான் உண்டோம். ஆனால் அந்தக் கணக்கில் தரவைக்கு எந்தப் பத்தியும் இருக்கவில்லை. ஏனென்றால் கணக்கெழுதியவர்களின் மொழியில் அது ‘சும்மா கிடந்த நிலம்’.

இந்த ‘சும்மா கிடந்த’ என்பதற்கு ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. கோப்பிக்குக் காணி தேடிய காலத்தில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை ஆங்கிலேயர் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, ஆளில்லாத நிலம், பயிரில்லாத நிலம் எல்லாம், மறுபக்கம் நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்று கொள்ளப்பட்டன. அதோடு விடவில்லை. 1897 இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் வந்தது. அறிவித்தல் போட்டு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குப் போய்விடும். மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவனின் சேனையும் மேய்ச்சல் நிலமும் இந்த வழியாகத்தான் தோட்டங்களுக்குப் போயின. இரவோடிரவாக யாரும் அடித்துப் பிடிக்கவில்லை. ஒரு சொல்லைப் போட்டார்கள், போதுமாக இருந்தது. புல் நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்தவுடனேயே அதில் மாடு மேய்த்தவன் அத்துமீறியவனாகிவிட்டான். 1972 இல் குடியரசு வந்தது, முடிக்குரிய காணி அரச காணியானது. பயிரில்லாத நிலம் யாருடையதும் இல்லை என்ற எண்ணம் மட்டும் அப்படியே கைமாறியது.

நான் பார்த்த காணிப் படிவங்களில் வயலுக்கு ஒரு கூடு இருந்தது. மேட்டுநிலத்துக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று, தரிசுக்கு ஒன்று. தரவைக்கு இருக்கவில்லை. பட்டிக்காரர் ஒருவர் அந்தப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து, “மாஸ்டர், இதுல எங்கட தரவை எங்க கிடக்கு?” என்று கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? தரிசு என்ற கூட்டில் புள்ளடி போடுங்கள் என்றா? காடு என்ற கூட்டிலா? எதில் போட்டாலும் கையெழுத்து வைத்து நிலத்தைக் கொடுத்ததாகத்தான் முடியும். சமவெளி என்று ஒரு கூடு வைத்தாலும் நிலைமை மாறாது, நண்பரே.

முசலியைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி, கொண்டச்சி ஆகிய ஊர்களின் சனம் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஏறத்தாழ இருபது வருடம் கிடந்தது. 2009 இல் யுத்தம் முடிந்த பின் திரும்பிப் போனால், வளவிலும் வயலிலும் மாடு நின்ற வெளியிலும் மரம் வளர்ந்திருந்தது. ஆள் இல்லாவிட்டால் மரம் வளராமல் என்ன செய்யும்? 2012 ஒக்டோபரில் வந்த வர்த்தமானி மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதியை ஒதுக்குக் காடாக்கியது. 2015 இல் வில்பத்தை முஸ்லிம்கள் அழிக்கிறார்கள் என்று தென்னிலங்கையில் பெரும் கூச்சல். 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என்று இன்னொரு வர்த்தமானி. இவற்றில் எந்த எல்லை சரி, எந்த எல்லை பிழை என்பது நீண்ட வழக்கு. நான் சொல்ல வருவது பெயரைப் பற்றி. வில்லு என்றால் காடில்லை. மழையில் நீர் நிரம்பி, கோடையில் விளிம்பெல்லாம் புல்லாகும் ஆழமில்லாத தாழ்நிலம் வில்லு. வில்பத்து என்ற பெயரே அந்த வில்லுகளிலிருந்து வந்ததுதான். நமது பொத்துவில்லும் ஒலுவில்லும் தம்பிலுவில்லும் இந்த இனத்துப் பெயர்கள்தான். அதே பிரதேசத்தில் பண்டாரவெளி என்றோர் ஊரும் இருக்கிறது. நிலத்தின் முழு வரலாறும் பெயருக்குள் எழுதப்பட்டுக் கிடக்க, அதன் மேல் காடு என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு மூடினார்கள். அந்த வில்லையும் வெளியையும் எழுதி வைத்த ஒரு கதை, ஒரு கட்டுரை, ஒரு பாடசாலை மலர் நம்மிடம் நிறைய இருந்திருந்தால் வழக்கே வெல்லப்பட்டிருக்கும் என்று நான் பேய்க்கதை சொல்லவில்லை. ஆனால் சனம் வாயால் சொன்னதற்குப் பக்கத்தில் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

இனி நம் பக்கத்துக் கதை. இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். அக்கரைப்பற்றுக்கு மேற்கே வட்டமடு இருக்கிறது. அங்கே கால்நடை வளர்க்கும் தமிழ்ச் சகோதரர்கள் அதை மேய்ச்சல்தரை என்கிறார்கள். நமது விவசாயிகள் அதை வயற்காணி என்று பத்திரம் காட்டுகிறார்கள். வன இலாகா காடு என்கிறது. வருடக்கணக்காக ஆர்ப்பாட்டம், பொலிஸ், நீதிமன்றம். எவருடைய பத்திரம் செல்லும் என்று சொல்ல நான் நீதவான் அல்லன். ஆனால் முசலியில் ‘அது காடில்லை, எங்கள் நிலம்’ என்று வாதாடும் நாம், இன்னொருவனுடைய மேய்ச்சல் நிலத்தைப் பற்றிப் பேசும்போது ‘சும்மா கிடந்த இடம்தானே’ என்று சொல்வதை என் காதால் கேட்டிருக்கிறேன். 1840 இன் கட்டளைச் சட்டம் பேசிய அதே மொழி. மட்டக்களப்பின் மேற்கெல்லையில் மயிலத்தமடு, மாதவணையில் பட்டிக்காரர்கள் 2023 செப்டெம்பரில் வீதியோரத்தில் உட்கார்ந்து போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்களைப் பற்றி நமது பேனாக்களிலிருந்து வந்தது மிகச் சொற்பம். முஸ்லிம் பட்டிக்காரர்கள் ஓட்டமாவடியில் இல்லையா, கிண்ணியாவில் இல்லையா? அவர்களுடைய மாட்டுக்கும் தரவை தேவைதானே? அடையாளம், கதையாடல், விளிம்புநிலை என்று பெரிய பெரிய சொற்களைப் பத்து வருடமாக அச்சடித்தோம். தரவை என்ற சிறிய சொல்லுக்கு அவற்றுக்குள் இடம் கிடைக்கவில்லை.

நிலத்தை எப்படிப் பெயரிட வேண்டும் என்பதற்கு நமது வாசகர்களுக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றிருக்கிறது. அறிவையும் நேர்வழியையும் மழைக்கு ஒப்பிடும் நபிமொழி புஹாரியில் இருக்கிறது. மழை மூன்று வகை நிலத்தில் விழுகிறது. ஒன்று நீரை உறிஞ்சிப் புல்லும் பூண்டும் முளைப்பிக்கும் நல்ல நிலம். இரண்டாவது, உறிஞ்சாமல் நீரைத் தேக்கி வைக்கும் நிலம். சனம் குடிக்கிறது, கால்நடைக்குக் கொடுக்கிறது, பயிருக்குப் பாய்ச்சுகிறது. மூன்றாவதுக்கு அங்கே வரும் சொல் ‘கீஆன்’: நீரையும் தேக்காமல் புல்லையும் முளைப்பிக்காமல் கிடக்கும் வெறும் சமதரை. பொருள் விளக்கம் உலமாக்களின் வேலை; நான் அந்தப் பக்கம் போகவில்லை. மொழி ஆசிரியன் என்ற அளவில் எனக்குப் படுவது, அங்கே நிலம் பிரிக்கப்பட்டிருப்பது அதன் உருவத்தால் அல்ல, மழைக்கு அது என்ன செய்கிறது என்பதால். நமது தரவை தண்ணீரையும் வைத்திருக்கிறது, புல்லையும் தருகிறது. முதல் இரண்டு வகையின் குணமும் உள்ள ஒன்றைத் தரிசு என்று சொல்வது அதை மூன்றாவதுக்குள் தள்ளுவதாகும். சமவெளி என்று சொல்வது அது எந்த வகை என்றே தெரியாமல் ஆக்குவதாகும்.

இனி இலக்கியம். நண்பருடைய எரிச்சலில் நியாயம் உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். அது இதுதான்: நம்மில் பலர் இச்சொற்களைச் சோற்றுக்குத் தூவும் மல்லியிலை போலத் தூவுகிறார்கள். மண்வாசனை வேண்டும் என்பதற்காக ஒரு வட்டை, ஒரு தரவை, ஒரு ‘வாப்பா’, ஒரு ‘மௌத்து’. அண்மையில் வாசித்த கதையொன்றில் கதாநாயகன் தரவையில் சூடு மிதிக்கிறான். தரவையில் நெல் ஏது? சூடு வைப்பதும் மிதிப்பதும் களவெட்டியில். அந்த எழுத்தாளர் தன் வாழ்நாளில் ஒரு நாளாவது வட்டைப் பக்கம் போயிருப்பாரா என்பது சந்தேகம். இந்த மாதிரிக் கதைகளைப் பார்த்துத்தான் நண்பருக்கு அலுத்திருக்க வேண்டும். எனக்கும்தான் அலுக்கிறது. அதற்கு மருந்து சொல்லை அறிந்து எழுதுவது. சொல்லைத் தூக்கி எறிவது எப்படி மருந்தாகும்?

அறிந்து எழுதியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ 1992 இல் வந்தது. அதைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சோலைக்கிளியின் கவிதை கல்முனைப் பேச்சிலிருந்து எழுந்தது. அது தமிழகத்தில் வாசிக்கப்பட்டது அந்தப் பேச்சை விட்டுவிட்டுப் போனதால் அல்ல. மறுபக்கத்தையும் பாருங்கள். கி. ராஜநாராயணன் கரிசல் என்று எழுதினார். கறுத்த மண், பருத்தி, வானம் பார்த்த வாழ்க்கை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. பிற்பாடு 1982 இல் அந்தச் சொற்களையெல்லாம் திரட்டி அகராதியே போட்டார். கோவில்பட்டிப் பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத நாம் இங்கே இருந்துகொண்டு கரிசல் என்ற சொல்லைக் கற்றுக்கொண்டோம். யாராவது அவரிடம் ‘கறுப்பு மண் சமவெளி’ என்று எழுதச் சொன்னோமா? தோப்பில் முஹம்மது மீரானுடைய தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சை முதல் முப்பது பக்கம் தடவித் தடவி வாசித்தோம், பிறகு அதிலேயே கிடந்தோம். அவருக்கு 1997 இல் சாகித்திய அக்கடமிப் பரிசு கிடைத்தபோது நமக்கே கிடைத்த மாதிரி இனிப்புக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். தமிழகத்து வட்டாரச் சொல்லுக்காக நாம் கஷ்டப்படலாம். நமது சொல்லுக்காக அவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்கக் கூடாது! இது என்ன நியாயம்? வாசகன் சிரமப்படக் கூடாது என்ற கருணையெல்லாம் ஒரு திசையில் மட்டும் பாய்கிறது.

அருஞ்சொல் விளக்கம் போடும் வழக்கத்தையும் நான் விரும்புகிறவனில்லை. அந்தப் பட்டியல்களில் தரவைக்கு எதிரே பெரும்பாலும் ‘புல்வெளி’ அல்லது ‘தரிசு நிலம்’ என்றிருக்கும். கதை முழுவதும் பாடுபட்டுச் சொன்னதைக் கடைசிப் பக்கம் ஒரே வரியில் அழித்துவிடும். கதைக்குள்ளேயே தண்ணீர் வந்து, வற்றி, எருமை இறங்கி, பட்டிக்காரன் தடியூன்றி நின்றால் எந்த ஊர் வாசகனுக்கும் தரவை என்னவென்று தெரிந்துவிடும். தெரியாமல் போனால் சொல்லில் குறையில்லை, கதையில் குறை.

இதைவிட மோசமான அனுபவம் ஒன்றும் உண்டு. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி போட்டியொன்றுக்குக் கட்டுரை எழுதினாள். வாப்பாவோடு மாடு பார்க்கப் போவதைப் பற்றி. நல்ல கட்டுரை. தொகுப்பில் அச்சாகி வந்தபோது தரவை என்றிருந்த இடமெல்லாம் ‘சமவெளி’; காலை அடைப்பது என்றிருந்ததை யாரோ படித்துவிட்டு ‘காலையில் அடைப்பது’ என்று திருத்தியிருந்தார்கள். காலை என்றால் மாட்டுப்பட்டி அடைக்கும் இடம் என்று திருத்தியவருக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளை புத்தகத்தைக் கொண்டுவந்து, “சேர், நான் எழுதினது பிழையா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அச்சில் வந்த பிறகு ஆசிரியரின் ‘இல்லை’க்கு எவ்வளவு பெறுமதி என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அவள் அடுத்த கட்டுரையில் வயல் என்றே எழுதினாள், வட்டை என்று எழுதவில்லை.

ஆகவே சஞ்சிகை ஆசிரியர்களிடமும் தொகுப்பாளர்களிடமும் என் கோரிக்கை சிறியது. கையெழுத்துப் பிரதியில் தரவை வந்தால் தரவையாகவே விடுங்கள். சந்தேகம் வந்தால் எழுதியவரிடம் கேளுங்கள். இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது. பாடநூல் எழுதுவோரிடமும் ஒன்று: சமவெளி என்ற பாடத்தின் கீழே, அதன் உள்ளூர் வகைகளாகத் தரவை, வில்லு, வட்டை, பத்தனை என்று நான்கு சொல்லைச் சேர்த்தால் அரைப் பக்கம்தான் கூடும். கிழக்குப் பிள்ளைக்குத் தன் வாப்பா நிற்கும் இடம் புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியும். நுவரெலியாப் பிள்ளைக்கும் அப்படியே.

புத்தகத்தில் வரும்வரை காத்திராமல் ஒன்பதாம் தரப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொருவரும் தன் மூத்தப்பாவிடமோ பக்கத்து வீட்டுப் பட்டிக்காரரிடமோ போய், ஊரைச் சுற்றியுள்ள வட்டைகளின் பெயரையும் தரவைகளின் பெயரையும் எல்லையோடு கேட்டு எழுதி வர வேண்டும். எந்த மாதம் எங்கே தண்ணீர், எந்த மாதம் எவருடைய பட்டி எங்கே நின்றது என்பதையும் சேர்த்து. பக்கத்துத் தமிழ்க் கிராமத்துப் பாடசாலையில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவரும் இதையே செய்கிறார். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வட்டைகளின் பெயர்கள் சில மாறுகின்றன. தரவைகளின் பெயர்கள் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன. பட்டியல் இன்னும் முடியவில்லை. தெற்குப் பக்கத்துத் தரவைகளின் எல்லை சொல்லக்கூடிய பெரியவர்கள் மூவர் இருந்தார்கள். இருவர் சென்ற வருடம் மௌத்தாகிவிட்டார்கள். மூன்றாமவருக்குக் காது கேட்பதில்லை; பிள்ளைகள் கேள்வியைப் பெரிய எழுத்தில் கொப்பியில் எழிதிக் காட்டி, அவர் தடியால் மணலில் கீறிக் காட்டுவதைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார்கள்.